நீலம் தீட்டிய இடம்

தலைநகர மாவட்டத்தில் நான் வேலை பார்க்கும் நில அளவை அலுவலகத்தில், ஆவண அறையை இருபத்தாறு வருடமாகக் கட்டிக் காப்பவர், நாங்கள் 'வரைபட அக்கா' என்று கூப்பிடுபவர். எந்தக் குடியிருப்பு எந்தத் தோப்பை அழித்து வந்தது, எந்தச் சாலைக்கு அடியில் எந்த வாய்க்கால் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

போன மழையில் தாழ்வான தெருக்கள் மூழ்கி ஒன்பது பேர் இறந்தார்கள். மேற்கே இருந்த ஏரியைத் தூர்த்து வீடு கட்டியதால் வந்த வினை என்று இறந்தவர்களின் குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். ஏரியின் எல்லையைக் காட்டும் ஒரே வரைபடத்தை நீதிமன்றம் கேட்டது. அந்த எல்லைக்குள் இருக்கும் வீடுகளை இடித்துவிடுவார்கள். அக்காவின் வீடும் அங்கேதான் இருந்தது.

"செல்லரிச்சுப் போச்சுன்னு எழுதிடலாம்க்கா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"இதுக்குத்தான் உங்கப்பா வெயில்ல வெந்து உன்னைப் படிக்க வெச்சாராக்கும்?"

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். போய் ஏணியை எடுத்து வந்து அலமாரியில் சாத்தினேன்.

அக்கா ஏணியில் ஏறி, மேல்தட்டிலிருந்த சுருளை எடுத்து வந்து மேசையில் விரித்தார். நீலம் தீட்டிய இடத்தில் விரலை வைத்தார்.

"இதுதான் எங்க அடுப்படி. ரெண்டாள் ஆழம். இத்தனை வருசமா தண்ணிக்குள்ளதான் சோறாக்கியிருக்கேன், பாரேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரைபடம் அசல்தான் என்ற உறுதிமொழித் தாளில் கையெழுத்திட்டு, முகவரி கேட்ட இடத்தில் அந்த வீட்டு எண்ணையே எழுதினார்.