வலது பக்கப் பாக்கெட்

இதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்த்து எழுதவில்லை. நம்பாதவர்கள் நம்பாமலே படிக்கலாம். ஆனால் என் கை தொட்டுப் பார்த்ததை, அப்படி ஒன்றும் இல்லை என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

போன மார்கழி. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் தமிழ்மணிக்கு வேலூரில் ஒரு பேக்கரியில் வேலை. விடியற்காலை நாலரைக்கெல்லாம் பைக்கில் மலை இறங்க வேண்டும். அவருக்கு வீசிங் உண்டு. கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் பாதி வழியிலேயே மூச்சு முட்டி ரோட்டோரம் விழுந்துவிட்டார். யாரோ ஒரு ஜீப்காரர் தூக்கிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். "இன்னொரு தடவை நெஞ்சுல பனி ஏறினா காப்பாத்தறது கஷ்டம்மா" என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

அதனால்தான் அந்த லெதர் ஜாக்கெட்.

கண்ணமங்கலத்தில் மாதையன் என்பவர் ரோட்டோரமாகப் பழைய துணி விற்கிறார். அவரிடம் என் வீட்டுக்காரர் வாங்கி வந்தார். தோல் நல்ல தோல்தான். மாடல்தான் பழசு. தொளதொளவென்று தோள், இடுப்புக்குக் கீழே தொங்கும் நீளம், பல் போன ஜிப். பிரித்துப் புதிதாகவே தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தோளைக் குறைத்தேன். கீழே நாலு விரல் வெட்டினேன். அகலக் காலரை எடுத்துவிட்டு, கழுத்தை ஒட்டி மூடுகிற பட்டி வைத்தேன். ஜிப்புக்குப் பதில் பிரஸ் பட்டன்.

தோல், துணி மாதிரி இல்லை. ஊசி ஒருமுறை இறங்கினால் அந்த ஓட்டை மூடவே மூடாது. அதனால் குண்டூசி குத்தாமல், துணி காயப்போடும் கிளிப்புகளை மாட்டி நிதானமாகத் தைத்தேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. இடது பக்கப் பாக்கெட் தட்டையாக இருந்தது. வலது பக்கப் பாக்கெட் மட்டும் தொய்ந்து உப்பியிருந்தது. எத்தனை தடவை அழுத்திவிட்டாலும் திரும்ப உப்பிக்கொண்டது.

"இதுக்குள்ள இன்னாத்த வெச்சிருந்தானோ? பூசணிக்காயா?" என்று அவர் சிரித்தார்.

பார்க்க அசிங்கமாக இருந்ததால் அந்தப் பாக்கெட்டின் வாயைத் தைத்து மூடினேன். நைலான் நூல். இரட்டைத் தையல்.

மாலை ஆறு நாற்பதுக்குக் கரண்ட் போனது. நான் சமையல்கட்டில் இருந்தேன். அவர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முன்னறையில் ஒரு சத்தம்.

டிக்... டிக்... டிக்...

அது எனக்குப் பழகிய சத்தம். தையல் பிரிக்கும்போது நூல் அறும் சத்தம்.

போன் லைட்டை அடித்தேன். யாரும் இல்லை. ஜாக்கெட் மெஷின் மேல் வைத்தது வைத்தபடி கிடந்தது. ஆனால் வலது பாக்கெட் திறந்திருந்தது. கீழே, துண்டு துண்டாக என் நைலான் நூல்.

உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ கையை எடுத்தது போல...

"ஏங்க, இந்தத் தையல நீங்களா பிரிச்சீங்க?"

"நான் ஏம்மே பிரிக்கறேன்? உன் தையல் நிக்கலன்னு சொல்லு. ஊருக்குத் தெரிஞ்சா பொழப்பு போய்டும்!"

எனக்கு வந்த கோபத்தில் பயம் மறந்துவிட்டது. அவர் ஜாக்கெட்டை எடுத்து மாட்டினார். அளவு கச்சிதம். "எப்டி கீறேன்?" என்று திரும்பித் திரும்பிக் காட்டினார். "காலைக்கு பெட்ரோல் இல்ல. போய்ட்டு வந்துர்லாம், வா."

கையை நீட்டி வண்டி ஓட்டும்போது தோள் இழுக்கிறதா என்று பின்னால் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நானும் ஏறினேன்.

ஏழு பத்து இருக்கும். ரோடெல்லாம் பனி மூடியிருந்தது. ஹெட்லைட் வெளிச்சம் நாலு முழத்துக்கு மேல் போகவில்லை. இடது கையால் பின்கம்பியைப் பிடித்திருந்தேன். வலது கை விறைத்துப் போனது. அவருடைய பாக்கெட்டுக்குள் விட்டேன்.

உள்ளே ஒரு கை இருந்தது.

அவர் கைதான் என்று நினைத்தேன். குளிருக்கு உள்ளே விட்டிருக்கிறார்... அந்த விரல்கள் என் விரல்களோடு கோத்துக்கொண்டன. எனக்குச் சிரிப்புகூட வந்தது.

வளைவு வந்தது. அவர் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்.

வலது கையால்.

எட்டிப் பார்த்தேன். இரண்டு கையும் ஹேண்டில்பாரில்தான் இருந்தன.

பாக்கெட்டுக்குள் கண்ணாடி வளையல் உரசியது.

கிளிங்...

நான் வளையல் போட்டிருக்கவில்லை.

கையை இழுத்தேன். வரவில்லை.

"வண்டிய நிறுத்துங்க!"

"வளைவுல எப்டி நிறுத்தறது? இரு."

பல்லைக் கடித்து இழுத்தேன். வந்துவிட்டது. இரண்டு கையாலும் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது அவர் சொன்னார்.

"பயந்தா சொல்லு. அதுக்குன்னு வயித்த இப்டி இறுக்காத... மூச்சு முட்டுது."

"நான் உங்களத் தொடவே இல்லீங்க..."

வண்டி ஆடியது. அவர் நெஞ்சிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். முன்சக்கரம் பள்ளத்துப் பக்கம் மண்ணில் இறங்கியது.

நின்றது.

பட்டன்களைப் பிய்த்தேன்.

ஜாக்கெட்டை உருவினேன்.

பள்ளத்தில் எறிந்தேன்.

விழுந்த சத்தம் கேட்கவில்லை...

அவருக்கு மூச்சு திரும்ப வெகுநேரம் ஆனது. வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தோம். பேக்கரி முதலாளியிடம் கெஞ்சி, இப்போது அவர் பஸ்ஸில்தான் போகிறார்.

பொங்கல் கழித்துக் கண்ணமங்கலம் போனபோது, எறிந்துவிட்டதைச் சொல்லி மாதையனிடம் கேட்டேன். அந்த ஜாக்கெட் யாருடையது?

அவர் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"தூக்கிப் போட்டுட்டீங்களா? நல்லதும்மா. போன வருசம் ஒருத்தரு வந்து வித்தாரு. அவரு பொண்சாதியப் பின்னாடி உக்கார வெச்சிக்கினு உங்க மலையிலேருந்து எறங்கியிருக்காரு. நல்ல பனி. அந்தம்மா இவரு பாக்கெட்ல கைய வுட்டுக்கினு அப்டியே தூங்கியிருக்குது. மேல ஏதோ ஒரு வளைவுல விழுந்துடுச்சு. மறுநாள் பள்ளத்துலதான் கெடச்சுது."

"பின்னால ஆள் இல்லாதது அவருக்குத் தெரியலையா?"

மாதையன் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எப்டிம்மா தெரியும்? கீழ அமிர்தி வந்து எறங்கச் சொல்ற வரைக்கும், பாக்கெட்ல இருந்த கை அவரு வயித்த இறுக்கிப் புடிச்சிக்கினேதான் இருந்துச்சாம்."