நான் சொன்ன பட்டையும் அவர் அடித்த பட்டையும்

மகாராஜா ஆட்சி நடந்த காலம் அது. மைசூரில் லஷ்கர் மொகல்லாவை ஒட்டிய ஒரு தெருவில் பழைய ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். முன்னும் பின்னும் காலியிடம், சுற்றிலும் சுவர். தசரா சமயத்தில் இது நடந்தது.

வீட்டுக்காரர் பெங்களூரில் இருந்தார். பல வருடமாக வீட்டுப் பக்கமே வராதவர், திடீரென்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். நஞ்சன்கூடு கோயிலுக்கு வருகிறாராம், அப்படியே வீட்டையும் பார்ப்பாராம். பார்த்த பிறகுதான் எங்களையே இருக்கச் சொல்வதா, கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொருவருக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்வாராம்.

கொள்ளேகாலத்திலிருந்து வந்த எங்களுக்கு அந்த வீடு கிடைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கணவர் வேலை பார்த்த அரிசி மண்டியும் பக்கத்தில். "வந்து பாக்கட்டுமே, நாம என்ன ஊட்டையா தின்னுப்புட்டோம்?" என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிவிட்டார். எனக்கு அது வராது. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஒன்றை எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கத் தெரியாது, எல்லாம் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஓடு விழுமோ, கிணற்றடி நாறுமோ, அவர் வரும் நேரம் பார்த்துப் பாம்பு வருமோ என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பயந்தேன்.

பயந்துகொண்டே வேலையையும் பார்த்தேன். சுவரோரம் மண்டிக் கிடந்த உண்ணிச்செடியை வெட்டினேன். கிணற்றடிச் சேற்றில் செங்கல் சல்லி கொட்டி இடித்தேன். உடைந்த ஓடுகளைக் கணவர் ஏறி மாற்றினார். வெள்ளையடிக்க மட்டும் ஓர் ஆளைப் பிடித்தோம். கன்னடக்காரர், தமிழும் கொஞ்சம் பேசுவார்.

மழை பெய்தால் செம்மண் தெறித்துச் சுவரின் அடிப்பாகம் பாழாகிவிடும். அதனால் கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு காவிப் பட்டை, மேலே எல்லாம் வெள்ளை. அதுதான் என் கணக்கு. எங்கள் பேச்சில் பட்டை என்பது 'பட்டெ' என்றுதான் வரும். ஒரு தடவை சொன்னால் மறந்துவிடுவாரோ என்று, குறுக்கே போகும்போதெல்லாம் "பட்டெ ஞாபகமுங்க, காவிப் பட்டெ" என்றேன்.

"ஆகலி அம்மா, பட்டெ தானே? பார்த்தவங்க நின்னு பாக்கிற மாதிரி பண்றேன்" என்றார்.

பின்பக்க வேலையை முடித்து, சாயங்காலம் முன்னால் வந்தேன். வீட்டுச் சுவர், சுற்றுச்சுவர் எல்லாம் மேலிருந்து கீழாக வெள்ளை ஒன்று, காவி ஒன்று, வெள்ளை ஒன்று, காவி ஒன்று. அசல் கோயில் மதில்.

"என்னுங்க இது?"

"பட்டெ, அம்மா. நூல் பிடிச்சு அடிச்சிருக்கேன். ஒண்ணு கோணலா இருந்தா காட்டுங்க."

பிறகுதான் விளங்கியது. கன்னடத்தில் பட்டெ என்றால் புலிக்கு இருக்கிறதே, அந்த வரி. நான் கேட்டதற்கு அவர்கள் 'பட்டி' என்பார்களாம். ஒரே தடவை சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டுக் கேட்டிருப்பார். நான் சொன்ன தடவைக்கு அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இப்போதே மேலே வெள்ளையடித்துவிடுங்கள் என்றேன். ஈரக் காவிமேல் சுண்ணாம்பு பட்டால் ரோஸ் நிறமாகும், அது பரவாயில்லையா என்று கேட்டார். வீட்டுக்காரர் வருவது மறுநாள் காலை, காயும்வரை காத்திருக்க நேரமில்லை என்று அப்படியே விட்டுவிட்டேன்.

மண்டியிலிருந்து வந்த கணவர் வாசலிலேயே நின்றார். "நடை எப்பத் தொறப்பீங்க?" என்றார்.

காலையில் அவர் வேலைக்குப் போன பிறகு கேட் திறக்கும் சத்தம் கேட்டது. குண்டலுபேட்டைப் பக்கமிருந்து தசரா பார்க்க வந்த குடும்பம். ஓர் அம்மாள், மகன், கைக்குழந்தையோடு மருமகள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, தட்டில் தேங்காய் வெற்றிலையோடு உள்ளே வந்துவிட்டார்கள். இது வீடு என்று கன்னடத்தில் சொன்னேன். அந்த அம்மாள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பூசாரி வரலேன்னா வரலேன்னு சொல்லு, அதுக்கு ஏன் பொய்?" என்றாள். குழந்தை அழுதது. கொய்யா நிழலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஜட்கா வந்து நின்றது. வீட்டுக்காரரேதான். நஞ்சன்கூட்டில் தரிசனம் முடித்து நேராக வந்திருக்கிறார். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்திராட்சம், தோளில் ஒரு பட்டுச் சால்வை.

"வீட்டுக்குப் போகச் சொன்னா கோயில்ல கொண்டுவந்து விடறியே" என்று வண்டிக்காரரிடம் கோபித்துக்கொண்டார்.

"இதே மனெ, சாமி" என்றார் வண்டிக்காரர்.

அவர் இறங்கியதுதான் தாமதம், அந்த அம்மாள் ஓடிப் போய்த் தட்டை அவர் கையில் வைத்துவிட்டாள். "பூசாரப்பா, இவ்வளவு நேரமா வர்றதுக்கு?"

வீடு போயிற்று என்று நினைத்தேன். ஆனால், நான் பயந்து வைத்திருந்தவற்றில் இது இல்லையே. இதற்கென்று தனியாகப் பயப்பட நேரமும் இல்லை. நேராக அவரிடம் போனேன்.

"ஐயா, இது உங்க வீடுதானுங்க. நான் தமிழ்ல பட்டைன்னு சொன்னேன், அவுரு கன்னடத்துல அடிச்சுப்புட்டாரு."

அவர் சிரிக்கவில்லை. கையில் தட்டோடு வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். கூரையை அண்ணாந்து பார்த்தார், கிணற்றடியில் காலால் மிதித்துப் பார்த்தார். அவர் பின்னால் அந்தக் குடும்பம் கைகூப்பிக்கொண்டு பிரதட்சிணம் வந்தது. கடைசியில் வண்டிக்காரரும் சேர்ந்துகொண்டார்.

சுற்றி முடித்துத் துவைக்கிற கல்லில் தேங்காயை உடைத்தார். மூடிகளை அந்த அம்மாளிடமே கொடுத்து, சாமுண்டி மலைக்கு வழி சொல்லி அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நல்லா வச்சிருக்கீங்கம்மா. நீங்களே இருங்க. ஆனா அடுத்த தடவை நான் செருப்புப் போட்டுக்கிட்டு உள்ளே வர்ற மாதிரி இருக்கணும்" என்றார். அப்போதுதான் கவனித்தேன், அவரும் வெறுங்காலோடுதான் நின்றுகொண்டிருந்தார்.

கவலைப்படுவதை நான் இன்னும் விடவில்லை. ஆனால், யாரிடமாவது வேலை சொன்னால் பத்துத் தடவை சொல்வதில்லை. என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன். அன்று நான் பயந்தது ஒன்றுகூட நடக்கவில்லை, பயப்படாதது நடந்தபோது எழுந்து போய்ப் பேச எனக்கு வாய் இருந்தது என்ற நினைப்புதான் இன்றுவரை எனக்குத் தைரியம்.