பாதத்திலிருந்து கண் வரை

நாட்டிங்ஹாமில் லயனல் விட்பி உருட்டாத படை இல்லை. நாற்பது வருடங்களாகப் பச்சை நிறப் பிசின் மாவில் விரலளவுப் பொம்மைச் சிப்பாய்களை உருட்டி, ஊசி முனையால் மூக்கும் மீசையும் இழுத்து, ரோமானியரையும் மங்கோலியரையும் போருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நாய் வெளியே நின்றால் மட்டும், வாசலில் வைத்த பாலை எடுக்க மாட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பயம் நாயால் வரவில்லை. புது விளையாட்டுக்கு ஆட்கள் செய்யச் சொல்லி ப்ரூ ஹாலம் அனுப்பிய வரைபடப் பலகையை மேஜையில் விரித்து, தான் செய்த காலாட்களில் மூவரை ஆகச் சிறிய மாகாணத்தில் நிறுத்திப் பார்த்தார். ஒரு மாகாணத்தில் மூவர் நிற்கலாம் என்பது விதி. இருவர் நின்றார்கள். மூன்றாமவனுக்குப் பாதி உடம்பு பக்கத்து நாட்டில். போர் அறிவிக்காமலே படையெடுப்பு.

இருபது மில்லிமீட்டர் ஆள் என்று ப்ரூ கேட்டிருந்தாள். அவர் தொழிலில் சிப்பாயைப் பாதத்திலிருந்து கண் வரைதான் அளப்பார்கள். தொப்பிக்கும் இறகுக்கும் அடியில் உச்சந்தலை எங்கே என்று யார் கண்டது? ப்ரூவோ பலகை விளையாட்டுக்காரி. அவளுக்கு ஆள் என்றால் உச்சந்தலை வரை ஆள். நெற்றி அளவுக்குத்தான் வித்தியாசம். ஆனால் உயரத்தோடு தோளும், நிற்கும் வட்டத் தட்டும் அகன்றுவிட்டன. வியாழக்கிழமை இந்த ஆட்களை வார்க்க எஃகில் அச்சு வெட்டத் தொடங்குகிறார்கள். எஃகில் விழுந்த வெட்டை விரலால் தடவி அழிக்க முடியாது. அதன்பிறகு இந்த ஊரில் அவரிடம் ஒரு முரசுக்காரனைக்கூட யாரும் கேட்கமாட்டார்கள்.

லயனல் டிராம் பிடித்துப் போனார். ப்ரூவின் அலுவலகத்திலும் அதே பலகை, அவர் அனுப்பியிருந்த மாதிரிகளில் அதே மூவர். அவள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாத்தே, இந்த அநியாயத்தப் பாருங்க!" அந்த ஊரில் செல்லமாக எல்லோரும் எல்லோருக்கும் வாத்துதான். "டெஸ்மண்ட் வரைஞ்ச வரைபடம்! மாகாணமா இது? கைக்குட்டை! வேலைய விட்டுப் போன்னு சொல்லிட்டேன்."

'ஆமா, சின்னதுதான்' என்று லயனல் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். டெஸ்மண்டை அவர் பார்த்ததுகூட இல்லை. ஆனால் கோழைக்கு ஒரு வசதி உண்டு: நாளைய பயத்தையும் இன்றே பட்டுத் தீர்த்துவிடுவான். இன்று சும்மா இருந்தால், யாராவது அளவுகோலை எடுக்கும்போதெல்லாம் ஆயுசு முழுக்க நடுங்கவேண்டும். இதை நினைத்துத்தான் பேசினார். தைரியம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

"ப்ரூ... தப்பு என்னோடது. கண்ணு வரைக்கும் அளந்துட்டேன்."

"கண்ணு வரைக்குமா? ஏன், அதுக்கு மேல மூளை இல்லையா?"

"சிப்பாய்கிட்ட அத யாரும் கேக்கறதில்ல."

ப்ரூ சிரிக்கவில்லை. அளவுகோலை எடுத்து ஒருவனை அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

"எத்தனை பேரத் திருப்பிச் செய்யணும்?"

"ஒம்பது."

"அச்சுக்காரன்கிட்ட பத்து நாள் கேக்கறேன். பதினோராவது நாள் ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேன். டெஸ்மண்ட்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. அடுத்த ரூம்ல பெட்டி கட்டிக்கிட்டிருக்கான்."

லயனல் அந்த அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே ஒட்டுநாடா கிழிபடும் சத்தம். தட்டினார். வாசல் முழுவதையும் அடைத்தாற்போல ஒருவன் வந்து நின்றான், கண் சிவந்திருந்தது.

"பெட்டியப் பிரிச்சிடுங்க, டெஸ்மண்ட்," என்றார் லயனல், அவன் மார்பைப் பார்த்து. "என் ஆளுங்கதான் பெருசு. உங்க நாடு சரியாத்தான் இருக்கு."

டெஸ்மண்ட் அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு பெட்டியைக் காலால் அவர் பக்கம் தள்ளினான்.

"நீங்களே பிரிங்க."