எதிர்த்தரப்பில் ஓர் அக்கா

நெய்வேலி நகரியத்தில் ஒருவரை முதல்முறை சந்தித்தால் "எந்த பிளாக்?" என்றுதான் கேட்பார்கள். கணவரின் சுரங்க வேலைக்காகச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து பதினெட்டு வருடமாகியும் அந்தக் கேள்வி எனக்குப் பழகவில்லை. எங்கள் பக்கம் யார் வீட்டுப் பிள்ளை என்று ஆரம்பித்து மூன்று தலைமுறை விசாரிப்பார்கள். இங்கே ஒரு எண் போதும். எனக்கு ரவிக்கை தைக்கும் தனத்திடம் நானும் ஒருமுறை அப்படிக் கேட்டுவிட்டேன்.

"பிளாக்கு வர்றதுக்கு முன்ன எங்க தாத்தா வூடு இங்கதாங்க்கா இருந்துது. இப்ப வெளிய இருக்கோம்."

"வேற குவார்ட்டர்ஸ் கிடைக்கலையா?" என்றேன், புரியாமல். அவள் அளவு நாடாவைச் சுருட்டியபடி சிரித்தாள்.

போன மாதம், தைத்த துணியோடு ஒரு நோட்டும் கொண்டுவந்தாள். அவர்கள் தெருவையும் சுரங்கத்துக்கு எடுக்கப்போவதாகப் பேச்சு. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தெருவுக்காகப் பேச அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நான் கல்யாணத்துக்கு முன் தமிழாசிரியை என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்; பேச்சை எழுத உதவி கேட்டாள்.

எடுத்ததும் எழுதாதே, முதலில் குறிப்புச் சட்டகம் போடு என்றேன். நாம் கேட்பது ஒரே வாக்கியத்தில், அதன் கீழே காரணங்கள், பலமானது கடைசியில். ஊரில் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். நகரமா கிராமமா, செய்தித்தாளா வானொலியா என்று தலைப்புகள் கொடுப்பேன். அந்தக் கட்டுரைகளில் தோற்றால் யாருடைய வீடும் போகாது.

தனம் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டாள். "எடுக்காதீங்கன்னு சொல்லவாக்கா? எடுத்தா மொத்தத் தெருவுக்கும் ஒரே எடத்துல வூடு குடுங்கன்னு சொல்லவா?"

"ரெண்டையும் சொன்னா ரெண்டும் நிக்காது. ஒண்ணை எடு."

ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. லாரியோ, சுரங்கத்தில் வெடியோ. நான் நிமிரவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எங்ககிட்ட பட்டா இல்லையேக்கா" என்றாள். பிறகு 'ஒரே இடத்தில் வீடு' என்று எழுதினாள். எழுத்துப்பிழை சரிபார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவள் மற்றதைக் கைவிட்டது அப்போது உறைக்கவில்லை.

அடுத்து எதிர்த்தரப்பு. அந்தத் தலைப்பை மட்டும் நான் என் கையால் எழுதினேன்.

"யாருக்கா அது? ஆபீசருங்களா?"

"கரண்டு வேணுங்கிறவங்க, வேலை வேணுங்கிறவங்க எல்லாரும்தான். அவங்களோட பலமான காரணத்தை நீயே சொல்லிரணும். அப்பதான் உன்னை நம்புவாங்க."

தனம் தலைக்கு மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தாள். பிறகு என்னை. அந்தத் தலைப்பின் கீழ் எதுவும் எழுதாமல் நோட்டை வைத்துவிட்டுப் போனாள்.

ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் நோட்டைப் புரட்டினார். "இதுல உன் கையெழுத்து எதுக்கு?"

"யாரும் ஏதும் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் சொல்லல. எனக்குத்தான் பயமா இருக்கு, கேட்டியா. ரிட்டயராக இன்னும் நாலு வருஷம் கெடக்கு."

மறுநாள் தனத்திடம், "எல்லாத்தையும் உன் கையெழுத்துல எழுதிக்க" என்றேன். அவள் நான் எழுதிய பக்கத்தைக் கிழித்து என் கையிலேயே கொடுத்தாள். "உங்களுக்கு எதுக்குக்கா கஷ்டம்?"

அவருக்குச் சொல்லாமல்தான் கூட்டத்துக்குப் போனேன். வழியில் அவர்கள் தெரு. கணக்கெடுப்புக்காக ஒவ்வொரு சுவரிலும் சிவப்பு பெயிண்டில் எண் போட்டிருந்தார்கள். வாசல்களில் இருந்த பெண்கள் நான் கடக்கும்வரை பேச்சை நிறுத்தினார்கள். பந்தலில் ஒரு பக்கம் நகரியத்துக்காரர்கள், மறுபக்கம் ஊர்க்காரர்கள். எந்தப் பக்கம் என்று தெரியாமல், கடைசி வரிசையில் தனியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தனம் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டார்கள். பதில் இன்றுவரை வரவில்லை. எனக்கு நினைவிருப்பது அவள் தாளை மடித்து வைத்துவிட்டுப் பேசிய கடைசிப் பகுதிதான்.

"எதிர்த்தரப்புன்னா யாரோன்னு நெனச்சிகினு இருந்தேங்க. பிளாக்குல எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா இருக்காங்க. நல்லவங்க. அவங்க வூட்ல ஃபேன் ஓடணும். அவங்க வூட்டுக்காரரு வேல நெலைக்கணும். அதுக்கு எங்க தெரு வேணும். அவங்க கேக்கறது ஞாயந்தாங்க. எங்களுதும் ஞாயந்தாங்க."

எந்த அக்கா என்று இரண்டு பக்கத்திலும் தலைகள் திரும்பின. நானும் திரும்பி, எனக்குப் பின்னால் பார்த்தேன்.