கிழங்கு வெறும் மாவல்ல

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கம்பத்தில் கிழங்கு மொத்த வியாபாரம் செய்கிறேன். சேனை, சேப்பங்கிழங்கு, சிறுகிழங்கு, மரவள்ளி என்று மண்ணுக்கு அடியில் விளைவது எதுவானாலும் என் கடைக்கு வந்துவிடும். பாதி கம்பத்திலேயே விற்கும், மீதி கூடலூர் வழியாக ஜீப் ஏறிக் குமுளிக்குப் போகும். கிழங்கை யார் இளக்காரமாகப் பேசினாலும் என்னால் பொறுக்க முடியாது. அன்றைக்குப் பேசியவர் டாக்டர்.

என் மனைவிக்கு ஐந்தாம் மாதம் முடிந்தும் மசக்கை தீரவில்லை. எங்களுடையது வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தால் தெருமுனையிலேயே கறி மணக்கும் வீடு. அவளுக்கோ கறி வாடை ஆகவில்லை, முட்டை வாடை ஆகவில்லை, பருப்பு வெந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். வயிற்றில் தங்கியது அவித்த கிழங்கு மட்டும்தான். உண்மையைச் சொன்னால், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தேனியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். "புரோட்டீன் பத்தல. குழந்தை வளர்ச்சி பின்தங்கியிருக்கு. முட்டை, பருப்பு, பால் ஏதாவது உள்ள போகணும். கிழங்கையே தின்னுட்டு இருந்தா எப்படி? அது வெறும் மாவு."

வேறு நேரமாக இருந்தால் பதிலுக்கு நன்றாகக் கேட்டிருப்பேன். அன்று ஸ்கேன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இதற்கு முந்தைய குழந்தை எடை பத்தாமல் பிறந்தது. ஒரு வாரம்கூட இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அதை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்ததைத் தவிர அதற்கு நான் எதுவும் செய்யவில்லை. செய்ய எதுவும் இருக்கவும் இல்லை. இப்போது மறுபடியும் எடை, வளர்ச்சி என்று அதே பேச்சு.

குமுளியில் கடை வைத்திருக்கும் ஒரு சேச்சி என்னிடம் கிழங்கு எடுப்பார். அந்த வாரம் சரக்கு எடுக்க வந்தவரிடம் புலம்பித் தீர்த்துவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மோனே, பயறோட சத்து உள்ள கிழங்கும் உண்டு," என்றார். "எங்க வேலியில சதுரப்பயறு படந்து கெடக்கு. காயை எல்லாரும் பறிக்கும். அடியில தோண்டிப் பாக்கான் ஆளில்ல."

சதுரப்பயறு என்றால் நம் பக்கத்துச் சிறகவரை. நாலு பக்கமும் இறக்கை வைத்த காய். காயைப் பார்த்திருக்கிறேன். அதற்கு அடியில் கிழங்கு இறங்கும் என்பது, கிழங்கிலேயே சோறு தின்கிற எனக்கு அன்றுவரை தெரியாது. செல்போனில் தேடினால், மற்ற கிழங்குகளைவிட இதில் புரதம் பல மடங்கு என்று போட்டிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

முதலில் கூடலூரில் விசாரித்தேன். சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அவரையில கெழங்கா? நாளைக்கு ஆட்டுக்கிட்ட முட்டை கேப்பீக போல!"

சிரிக்கட்டும் என்று மலையேறினேன். சேச்சி வீட்டு வேலியில் கொடி காய்ந்து கிடந்தது. நானே தோண்டினேன். கட்டைவிரல் பருமனில் நாலைந்து கிழங்குகள், உள்ளே பால் வெள்ளை. ஒரு கொடியில் அவ்வளவுதான். அதனால் வாராவாரம் ஜீப் பிடித்துப் போய், வேலியில் சிறகவரை படர்ந்த வீடெல்லாம் ஏறி இறங்கினேன். மார்கழிப் பனியில் மண்ணைக் கிளறும் என்னைப் பார்த்து அங்கே குரைக்காத நாய் இல்லை.

வீட்டுக்கு வந்து கிழங்கைக் கழுவுவேன், உரிப்பேன், குழைய அவிப்பேன். உப்பும் மிளகும் போட்டு மசித்துக் கிண்ணத்தில் கொடுப்பேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு மச்சான்."

"பாத்தியா? வெறும் மாவாம்ல! இனிமே இந்த வீட்டுக்குள்ள முட்டை வாடையே வரக்கூடாது."

அவள் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுவாள். மதியத்துக்கென்று கொஞ்சம் கிழங்கை எடுத்து வைத்துவிட்டு நான் கடைக்குப் போய்விடுவேன்.

அடுத்த ஸ்கேனில் டாக்டரம்மாவின் முகம் தெளிந்திருந்தது. "நல்லா ஏறியிருக்கே! முட்டை சாப்பிட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று அவளிடம் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "முட்டையும் இல்ல, பாலும் இல்ல டாக்டர். கெழங்கு! நீங்க வெறும் மாவுன்னு சொன்னீகளே, அதே கெழங்கு." சிறகவரையில் ஆரம்பித்துக் குமுளி வேலிவரை ஒன்று விடாமல் சொன்னேன். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அப்படியாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெனம் ரெண்டு முட்டையும் சாப்பிடுறேன் டாக்டர்."

கம்பம் பஸ்ஸில் ஏறினோம். வீரபாண்டி தாண்டியது, சின்னமனூர் தாண்டியது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் திராட்சைப் பந்தலையே பார்த்தபடி வந்தேன். உத்தமபாளையம் நெருங்கியபோது அவளே பேசினாள்.

"மத்தியானம் நீங்க வச்சுட்டுப் போற கெழங்குல முட்டையப் போட்டுப் பெசஞ்சிருவேன். அந்த மண் வாசத்துல முட்டை வாடை தெரியல. பக்கத்து வீட்டுலதான் அவிச்சு வாங்கிக்கிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நாய்க்கடி வாங்காத கொறையா வேலி வேலியா ஏறி எறங்குனேனே."

அவள் என் விரல் நகங்களில் கறுத்துப்போயிருந்த மண்ணைப் பார்த்தாள்.

"போன தடவ அந்தக் கண்ணாடிப் பெட்டிகிட்ட நீங்க கையக் கட்டிக்கிட்டு நின்னீகளே மச்சான், அது எனக்கு மறக்கவே மாட்டேங்குது. இந்தத் தடவ செய்யிறதுக்கு ஒங்களுக்கு ஒரு வேல கெடச்சுச்சு. அதை நான் எப்படிப் பிடுங்குறது?"

பஸ்ஸில் யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். கோபமெல்லாம் எந்த மூலைக்குப் போனதென்று தெரியவில்லை. அவளை எனக்கு அவ்வளவு பிடித்தது.

"நாளைலருந்து முட்டையையும் நானே உரிக்கிறேன்," என்றேன்.

சொன்னபடியே செய்தேன். கிழங்கு தீர்ந்த பிறகும் முட்டை உரிக்கும் வேலை என்னிடமே இருந்தது. பங்குனி வெயிலில் மகள் பிறந்தாள். நர்ஸ் அவளைத் துணியோடு எடுத்து வந்து எடை போடும் மெஷினில் வைத்தாள். காலையிலிருந்து இரவுவரை தராசு முள்ளையே பார்த்துப் பிழைக்கிறவன் நான். அன்று பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"பிடிங்கண்ணே," என்றாள் நர்ஸ்.

கண்ணைத் திறக்காமலே இரண்டு கைகளையும் நீட்டினேன். கனமாக இருந்தாள்.