பல்லக்காவின் முப்பத்தாறு கிலோமீட்டர்

பல்லக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது அவள் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. புருஷன் உட்பட யாரும் அதை வெளியே எடுத்துப் புழங்குவதில்லை.

ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில், கை கழுவும் தொட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாகப் பல்செட்டு செய்கிறாள். முன்னறையில் டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செதுக்கி, பல் பதித்து, வேகவைத்து, பளபளவென்று தேய்த்துத் திருப்பி அனுப்புவாள். ஆயிரம் வாய்க்குப் பல் கட்டியவள் ஒரு வாயையும் நேரில் திறந்து பார்த்ததில்லை. வாய் என்பது முன்னறைச் சமாச்சாரம். அவள் அறிந்த ஈறுகள் எல்லாம் பிளாஸ்டரில் ஆனவை. எவ்வளவு அழுத்தினாலும் ‘ஐயோ’ என்று சொல்லாதவை.

தொழிலில் அவளுக்கு ஒரு கொள்கையும் இருந்தது. கீழ்ச்செட்டின் உள்விளிம்பு நன்றாக ஆழத்தில் இறங்கவேண்டும். “அப்பத்தான் பிடிப்பு” என்பாள்.

நாற்பத்தெட்டு வயதில் முதுகு பிடித்துக்கொண்டது. நடக்கச் சொன்னார்கள். நடப்பது வயதானவர்கள் வேலை என்று சொல்லிவிட்டு, யாரோ ஆசையாக வாங்கி அலுத்துப்போன மெல்லிய டயர் ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கிவந்தாள். ஞாயிறுதோறும் ஒரு சுற்று: முப்பத்தாறு கிலோமீட்டர், ஐந்து கிராமம், நடுவில் கல் குவாரிப் பக்கம் ஓர் ஏற்றம். சைக்கிள்காரர்கள் அந்தப் பாதையை ‘நடுத்தரம்’ என்று வகைப்படுத்தியிருந்தார்கள். அதாவது செத்துப்போக மாட்டோம், ஆனால் அந்த எண்ணம் ஒருமுறை வந்துபோகும்.

உடற்பயிற்சி என்பது ஊருக்குச் சொன்னது. அந்த ஐந்து கிராமங்களில் அவள் செய்த பல்செட்டு பதினான்கு குடியிருந்தன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி, “எப்படி இருக்கு?” என்பாள். உள்ளிருந்து முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டு ஓர் ஆள் வரும். “நல்லா இருக்கு.” அடுத்த மிதி.

இந்தப் பதினான்கு ‘நல்லா இருக்கு’வை நம்பித்தான் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பல்கூடம் வைப்பது. பெயர்ப்பலகைகூட எழுதி வந்துவிட்டது. வீட்டு மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பார்த்து நின்றது. திங்கட்கிழமை ராஜினாமா.

சனிக்கிழமை, லிப்ட் மெக்கானிக்கான புருஷன் மெதுவாகக் கேட்டார்: “பதினாலு பேருமே போடுறாங்களா?”

“வாரா வாரம் நானே கண்ணால பாத்துட்டுத்தானே வர்றேன்?”

“இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு நானும்தான் யூனிபார்ம் போடுறேன்.”

“உங்க லிப்டு மாதிரி பாதியில நிக்கிற வேலை இல்ல இது. போய்ப் படுங்க.”

ஞாயிறு காலை அவள் வழக்கம்போலக் கூட்டுரோட்டில் இடப்பக்கம் திரும்பினாள். முதல் கிராமத்துக்கு முன்னால் இருக்கும் சிறு பாலத்தை உடைத்துப் போட்டிருந்தார்கள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டவும் வழியில்லை. சுற்றுப்பாதையில் எந்தப் பக்கமாகப் போனால் என்ன? கூட்டுரோட்டுக்கே திரும்பி வந்து வலப்பக்கப் பாதையைப் பிடித்தாள்.

அப்படியாகக் கடைசி கிராமம் முதலில் வந்தது. ரிட்டயர்டு கண்டக்டர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கன்னம் இரண்டும் உள்ளே போய்ப் பதுங்கியிருந்தன. இவளைக் கண்டதும் பேப்பரை மூக்குவரை உயர்த்தினார்.

“என்னம்மா... இந்தப் பக்கமா வர்றே?” என்று தலைப்புச் செய்தி கேட்டது.

அடுத்த வீட்டிலும் வாய் காலி. அதற்கடுத்த வீட்டில் செட்டைத் தேடி ஆளுக்கொரு அறையாக ஓடினார்கள். ஏற்றத்துக்கு இந்தப் பக்கம் இருந்த கோழிப்பண்ணைக்காரம்மாவின் பல்செட்டு, முட்டை அட்டையில் முப்பதாவது குழியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் பல்லக்கா மீது அல்ல.

“அந்தப் பால் சென்டர்காரன் வழக்கமா போன் போட்டுடுவான், ‘அக்கா கிளம்பிட்டாங்க’ன்னு. இன்னைக்கு என்ன கேடு வந்துச்சு அவனுக்கு?”

முதல் கிராமத்துப் பால் சென்டரிலிருந்து தகவல் புறப்பட்டு, ஐந்து கிராமத்திலும் பல்லேறி, அவள் தலை மறைந்ததும் இறங்கும் ஏற்பாடு அப்போதுதான் தெரிந்தது. மூன்று வருடமாக ஒரு வாரம்கூடப் பிசகாத சேவை.

“சொல்லியிருக்கலாமேம்மா!”

“எப்படிச் சொல்றது? பல்லைப் போட்டா பேச வரல. கழட்டினா உன் மூஞ்சி தாங்காது. நீயும் அந்தச் சைக்கிளை விட்டு இறங்க மாட்டே.”

ஏற்றத்தில் அன்றைக்கு அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. வாங்க நேரமில்லாமல் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். பதிமூன்று வீட்டிலும் வாய் காலி. மிச்சம் ஒன்று, முதல் கிராமத்துப் பஞ்சர் கடைக்காரர்.

அவர் வறுத்த கடலை மென்றுகொண்டிருந்தார். பல்லோடு! பல்லக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. முதன்முறையாகச் சைக்கிளை விட்டு இறங்கினாள்.

“கழட்டுங்கண்ணே, ஒரு தடவை பாக்கணும்.”

அவர் செட்டைக் கழற்றி, பஞ்சர் பார்க்கும் தண்ணீரிலேயே ஓர் அலசு அலசிக் கையில் கொடுத்தார். அவள் பெருமையாக வைத்திருந்த உள்விளிம்பு ஒரு நெல் அகலத்துக்குக் காணோம்.

“என் செட்டுல அரத்தைப் போட்டீங்களா?”

“டியூப்பைத் தேய்க்கிற மாதிரிதான்மா, லேசா. நாக்கைத் தூக்கினா சுருக்குனு குத்துச்சு. இப்ப சும்மா கிண்ணுனு இருக்கு.”

“நாக்கைத் தூக்குங்க.”

போன் வெளிச்சத்தில் அவள் பார்த்த முதல் வாய் அது. அழகான காட்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாக்கு எழும்போது அதன் அடித்தளமும் கூடவே எழுந்தது. நேராக அவளுடைய கொள்கையின் மேல்தான் வந்து மோதியிருக்கும். பிளாஸ்டருக்கு நாக்கு கிடையாது. இருபத்திரண்டு வருடமாக நாக்கில்லாதவர்களுக்குப் பல் கட்டியிருக்கிறாள்.

“அந்த அரத்தைக் குடுங்கண்ணே.”

“அடுத்த ஞாயிறு மறக்காம அரம் வந்துடணும்மா. கடைக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்.”

பாலம் உடைந்திருந்ததால் எப்படியும் வந்த வழியேதான் திரும்பவேண்டும். அதற்குள் எதிர்ச்சாரிப் பால் சென்டர்காரர் கடமை தவறியதை உணர்ந்து போனை எடுத்துவிட்டார். ஏற்றத்தை மறுபுறமிருந்து ஏறி அவள் போய்ச் சேர்ந்தபோது, பதிமூன்று வாசலிலும் பதிமூன்று பளபளப்பான சிரிப்புகள் காத்திருந்தன.

“கழட்டுங்க” என்றாள் எல்லாரிடமும்.

மதியம் மூன்று மணிக்கு வீடு வந்தாள். புருஷன் அவள் முகத்தைப் பார்த்தார். யூனிபார்ம் பேச்சை எடுக்கவில்லை. அந்த நாகரிகம் அவருக்கு எப்போதாவது வரும். “எத்தனை?” என்றார்.

“ஒண்ணு. அதுவும் பஞ்சர் கடைக்காரர் செஞ்சது.”

அந்தத் திங்கட்கிழமை ராஜினாமா நடக்கவில்லை. பலகை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் கைப்பையில் சொந்த அரத்தோடு போனாள்; வீட்டுக்கு வீடு இறங்கினாள், வாயைத் திறக்கச் சொல்லி, தேய்த்து, மறுபடி திறக்கச் சொன்னாள். மூன்றரை மணி நேரச் சுற்று ஏழு மணி நேரம் ஆயிற்று. பாதை என்னவோ நடுத்தரம்தான்.

நான்காவது ஞாயிறு, கோழிப்பண்ணைக்காரம்மா மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மருமகளிலிருந்து தீவன விலை, அங்கிருந்து மூத்த மகன், அங்கிருந்து பல்லக்காவின் தொப்பி. இருபது நிமிடம், மூச்சு விடாமல், வாயில் முழுச் செட்டோடு. பல்லக்கா ஒரு சொல்லையும் காதில் வாங்கவில்லை. கீழ்வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அசையவே இல்லை.

“நான் பாட்டுக்குப் பேசுறேன், நீ எதுக்குடி சிரிக்கிறே?”

“நல்லா இருக்கும்மா” என்றாள் பல்லக்கா.

மறுநாள் திங்கட்கிழமை.