'படு' என்னும் துணைவினை

அந்தச் சிறையில் யாருக்காவது மனு எழுத வேண்டியிருந்தால் மூன்றாம் தொகுதிக்குத்தான் வர வேண்டும். அங்கேதான் பிட்டிஷன் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் பதிவேட்டில் மட்டும் இருந்தது. காவலர்கள் உட்பட அனைவருக்கும் அவர் பிட்டிஷன்தான். பல்வலி, கம்பளி, தங்கையின் திருமணத்துக்கு ஒருநாள் விடுப்பு, எதுவானாலும் அரைத்தாளில் ஓரம் விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதிக் கொடுப்பார்.

அவருடைய மனுக்களில் யாரும் எதையும் செய்ததில்லை. கம்பளி கிழிக்கப்பட்டிருக்கும், பல் உடைக்கப்பட்டிருக்கும், உணவு தாமதமாக வழங்கப்பட்டிருக்கும். உடைத்தவர் இன்னார் என்று எழுதினால் அது மனு அல்ல, புகார். புகாருக்கு விசாரணை உண்டு. விசாரணைக்குப் பின் வேறு விதமான பல்வலியும் உண்டு. உள்ளே வந்த முதல் மாதத்திலேயே இந்த இலக்கணம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. நான்கு ஆண்டுகளில் அது கைப்பழக்கமாகி, நாப்பழக்கமும் ஆனது.

அதே இலக்கணம்தான் இப்போது கழுத்தைப் பிடித்தது. ஊரில் இருந்த சமுதாயக் கல்லூரி, சிறைக்குள் ஓராண்டுப் பட்டய வகுப்பு நடத்தியது. கிடங்கு நிர்வாகம் அதன் பாடம். சரக்குக் கணக்கிலும் இருப்புப் பதிவிலும் பிட்டிஷன் முதல் மதிப்பெண். மொழித்தாளில் மட்டும் இருமுறை தோற்றிருந்தார். மூன்றாவது முறையும் தோற்றால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். தேறினால், திறந்தவெளிச் சிறைக்கு மாற்றுவார்கள். அங்கே மரத்தடியில் பெஞ்சு உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார். மகள் வந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். இங்கே கண்ணாடி. நான்கு ஆண்டுகளாக அவளுடைய விரலைக்கூட அவர் தொட்டதில்லை.

மொழிப்பாடம் எடுத்த டீச்சர் கைப்பையை வாயிலில் ஒப்படைத்துவிட்டு, சுண்ணக்கட்டியும் சிவப்புப் பென்சிலும் மட்டும் எடுத்துக்கொண்டு வருவார். பிட்டிஷனின் பயிற்சிக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்த நாளில் அதன் ஓரம் முழுவதும் சிவந்திருந்தது.

"பதினேழு எடத்துல 'யார்?'னு போட்டிருக்கேன். ஒண்ணுக்காவது பதில் சொல்லுங்க."

"எல்லாத்துக்கும் ஒரே பதில்தாங்க டீச்சர். அவங்கதான்."

"எவங்க?"

பிட்டிஷன் கதவருகே நின்ற காவலரைப் பார்த்தார். காவலர் கூரையைப் பார்த்தார்.

"சரி, அத விடுங்க. 'காலையில் கதவு திறக்கப்பட்டது'ன்னு எழுதியிருக்கீங்க. 'நான் கதவைத் திறந்தேன்'னு எழுதினா என்ன?"

"எழுதினா இன்னொரு கேஸ் போடுவாங்க டீச்சர்!" என்றார் பின்வரிசையிலிருந்த தையல்காரர்.

வகுப்பே சிரித்தது. காவலரும் சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். டீச்சர் சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்தார்.

"உள்ள நடக்கறது உங்க கையில இல்ல, ஒத்துக்கறேன். வெளிய வேல பாத்தீங்கல்ல? அங்க நீங்கதான செஞ்சீங்க? அதப் பத்தி எழுதிப் பழகுங்க. பரீட்சைக்கும் அதுதான் வரும்."

பிட்டிஷன் கட்டுரையை மடித்து நோட்டுக்குள் வைத்தார்.

வெளியே அவர் ஒரு துணிக்கிடங்கில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவர். மூட்டை தூக்கச் சேர்ந்து, கையெழுத்தின் அழகால் பதிவேட்டுக்கு வந்து, பின் கிடங்குப் பொறுப்பாளராக உயர்ந்தவர். மாலை ஆறு மணிக்கு வரிசை வரிசையாக நடந்து, "யாருப்பா உள்ள?" என்று மூன்று முறை குரல் கொடுப்பார். பிறகு இரும்புக் கதவை இழுத்துப் பூட்டி, பூட்டை இருமுறை ஆட்டிப் பார்ப்பார். ஒரே ஒரு மாலை அவர் குரல் கொடுக்கவில்லை. மகளுக்குக் காய்ச்சல், பேருந்து புறப்படும் நேரம். பேல் கட்டிய துணிப்பொதிகளுக்குப் பின்னால் ஒரு சுமைதூக்கி அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். மின்கம்பியில் தீப்பிடித்தது. அவன் கதவு வரைக்கும் வந்திருந்தான் என்று மறுநாள் சொன்னார்கள்.

நீதிமன்றத்தில் பிட்டிஷன் சொன்னது ஒரே வாக்கியம்: "கதவு பூட்டப்பட்டிருந்தது."

தண்டனை வந்தது, மேல்முறையீடும் போட்டாயிற்று. வக்கீல் தெளிவாகச் சொல்லியிருந்தார். "சாவி ரெண்டு. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு மொதலாளிகிட்ட. யார் பூட்டினதுன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. 'நான்தான் பூட்டுவேன்'னு உங்க வாயிலயும் வரக்கூடாது, கையிலயும் வரக்கூடாது. நம்ம அப்பீலே அந்தப் பூட்டுலதான் தொங்குது." கைதி எழுதும் எந்தத் தாளும், விடைத்தாள் உட்பட, சிறை நல அதிகாரியின் மேசையைக் கடந்துதான் போகும். அங்கே அதற்கொரு முத்திரை விழும். ஒரு நகல் கோப்பில் சேரும். மேல்முறையீட்டு விசாரணைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

அன்று மாலை தையல்காரர் பாயை உதறிக்கொண்டே சொன்னார். "அண்ணே, உங்க நோய் என்னன்னு கண்டுபிடிச்சிட்டேன். 'படு'. திறக்கப்படு, பூட்டப்படு, வழங்கப்படு. அந்த ஒண்ண விட்டீங்கன்னா பாஸ்."

"எப்படிய்யா விடறது?"

"அதுவும் சரிதான். உள்ள வந்ததுலேர்ந்து வேற என்னத்தப் பண்ணினோம்? பட்டோம், படறோம், படுவோம். முக்காலத்துக்கும் பொருந்துது பாருங்க."

பிட்டிஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

தேர்வு நாளன்று வினாத்தாள் இப்படிச் சொன்னது: 'நீங்கள் பணியாற்றிய இடத்தில் ஒரு நாள். காலை முதல் மாலை வரை நீங்கள் செய்தவற்றை இருபது செய்வினை வாக்கியங்களில் எழுதுக. செயப்பாட்டு வினை ஓரிடத்தில் வரினும் கட்டுரைக்கு மதிப்பெண் வழங்கப்படமாட்டாது.' கடைசிச் சொல்லைப் பிட்டிஷன் இரண்டு முறை படித்தார். வினாத்தாளுக்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

எழுதத் தொடங்கினார். கதவைத் திறந்தேன். விளக்குகளைப் போட்டேன். பேல்களை எண்ணினேன். ஈரம் பட்ட மூட்டையைத் தனியே வைத்தேன். லாரி ஓட்டுநரோடு சண்டை போட்டேன். ஒவ்வொரு வினைமுற்றும் பூட்டு திறப்பதுபோல் 'டக்'கென்று விழுந்தது. அடுத்த வாக்கியத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. கோடித் துணியின் வாசனைகூட மூக்கில் வந்து போனது. பதினேழாவது வரியில் மாலை ஆகிவிட்டது.

'ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினேன்' என்று எழுதினார். உடனே கை நின்றது. கிடங்கு திறந்து கிடந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் பொறுப்பில் இருந்தவன், காகிதத்தில்கூடக் கிடங்கைத் திறந்து போட்டுவிட்டுப் போவானா? அந்த வரியை அடித்தார். 'முதலாளி' என்று தொடங்கினார். 'முதலாளி கதவைப் பூட்டினார்.' அதுவும் செய்வினைதான். வக்கீல் கேட்டால் கட்டிப்பிடித்துக்கொள்வார். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றும் ஒழுங்காக நிற்கும். பொய் என்பதை எந்த இலக்கணமும் தடுக்காது. அந்தச் சொல்லையும் அடித்தார். மனு எழுதி எழுதித் திருத்தமே அறியாத கை, அன்று இரண்டு இடத்தில் அடித்திருந்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றார் டீச்சர்.

பிட்டிஷன் குனிந்து எழுதினார். 'உள்ளே யார் என்று மூன்று முறை கூப்பிட்டேன். கதவை நான் பூட்டினேன். ஒரு நாள் கூப்பிடாமல் பூட்டினேன்.'

எண்ணிப் பார்த்தார். சரியாக இருபது.

அதன்பின் வந்த நாட்களில் அவர் யாருக்கும் மனு எழுதவில்லை. காவலர் கூப்பிட்ட போதெல்லாம், என்ன விஷயம் என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். பத்தாம் நாள் டீச்சர் விடைத்தாளைக் கொடுத்தார். தேர்ச்சி. கடைசி வரியில் 'ஒரு நாள்' என்பதைச் சிவப்புப் பென்சில் சுழித்திருந்தது. ஓரத்தில் குறிப்பு: 'தேவையில்லை. கட்டுரை ஒரே நாளைப் பற்றியது.' நான்கு ஆண்டுகளாகத் தொண்டையில் நின்றிருந்த வாக்கியத்துக்கு அரை மதிப்பெண் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

"நல்லா வந்திருக்கு. பாத்தீங்களா, 'நான்'னு எழுதினா வானம் இடிஞ்சா விழுந்துச்சு?" என்றார் டீச்சர்.

"இல்லீங்க டீச்சர்."

அதிகாரியின் ஊதா முத்திரை அந்தக் கடைசி வரியின் மேலேயே பாதி விழுந்திருந்தது. படித்துவிட்டுக் குத்தினாரா, படிக்காமலே குத்தினாரா? அதைக் கேட்க எந்த மனுவும் கிடையாது. நகல் கோப்பில் இருந்தது; விசாரணைக்குப் பதினைந்து நாள் இருந்தது. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி வந்தாள். கண்ணாடிக்கு அப்பால் முகமெல்லாம் சிரிப்பு.

"பாஸாமே! வக்கீலய்யாவே சந்தோஷப்பட்டாரு. சர்டிபிகேட்ட அப்பீலோட சேத்து வைக்கணுமாம்."

"பாப்பா வரலையா?"

"அவளுக்குப் பரீட்சை. அதச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க, அவளுக்கும் இதே பாடம்தானாம். செய்வினை, செயப்பாட்டு வினை. அப்பா எழுதின பேப்பர வாங்கிட்டு வாம்மா, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட காட்டணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. 'எங்கப்பா கதவத் தொடவே இல்ல, வெளிய வந்துடுவாரு'ன்னு ஸ்கூல் பூரா சொல்லி வச்சிருக்கா. குடுங்க, வார்டர்கிட்ட கேட்டு வாங்கிக்கறேன்."

பிட்டிஷனின் கை சட்டைப்பைக்குப் போனது. தாளின் மடிப்பு விரலில் பட்டது. கண்ணாடிக்கு அடியில் காகிதம் நுழைக்கிற தட்டு ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

"விடைத்தாள் திருப்பித் தரப்பட மாட்டாது" என்றார்.

மனைவி ஒரு கணம் விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அதென்னங்க 'தரப்பட மாட்டாது'? பொண்டாட்டிகிட்ட மனு குடுக்கற மாதிரி! யாரு தர மாட்டேங்கறாங்க? சொல்லுங்க, நான் போய்க் கேக்கறேன்."

அவர் சட்டைப்பையின் மேல் கையை வைத்தபடியே இருந்தார்.